நேற்று இரவு இரண்டு மணிக்கு

கடைக்கு கேமரா போட வேண்டும் என்று யார் கூப்பிட்டாலும் நான் முதலில் கேட்பது, "ராத்திரி கடையைப் பூட்டுறது யாரு?" என்பதுதான். பலருக்கு இந்தக் கேள்வி விளங்காது. எத்தனை கேமரா, எத்தனை மெகாபிக்சல், என்ன கம்பெனி, என்ன விலை என்ற பேச்சுக்குத்தான் அவர்கள் தயாராக இருப்பார்கள். பூட்டுகிறவர் வந்து நின்றதும் அடுத்த கேள்வி: "பூட்டும்போது மெயின் சுவிட்சை அணைச்சிருவீங்களா?" 

"அணைக்காம எப்படிண்ணே? கரன்ட் கோளாறாகிப் பத்திக்கிட்டா யாரு பதில் சொல்றது?" என்பார் அவர்.

மதுரைக் கடைக்காரர்களுக்கு இது அப்பா காலத்துப் பழக்கம். நல்ல பழக்கமும்கூட. ஆனால் மெயினை அணைத்ததும் கேமராவும், படத்தைப் பதிவு செய்யும் டி.வி.ஆரும் சேர்ந்தே அணைந்துவிடும். பகல் முழுக்க வாடிக்கையாளர்களைப் படம் எடுத்த கேமரா, திருடன் வரக்கூடிய நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டு கிடக்கும். இந்த நிலையில் ஓடிக்கொண்டிருந்த கடைகளை நான் பத்து, இருபது அல்ல, அதற்கு மேலும் பார்த்திருக்கிறேன். அதனால்தான் என் வேலையில் முதல் செலவு கேமரா அல்ல. மெயினுக்கு முன்னாலிருந்தே எடுத்த தனி லைன், அதற்கொரு தனி எம்.சி.பி., பின்னால் ஒரு யு.பி.எஸ். இந்த மூன்றும் இல்லாத கொட்டேஷனை நான் எழுதுவதில்லை.

இருபது வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். டி.வி. மெக்கானிக்காகத் தொடங்கி 2005-ல் கேமரா பக்கம் வந்தேன். அன்றைய சரக்கை நினைத்தால் இன்று நம்ப முடியாது. 420 டி.வி. லைன் கேமரா, நான்கு சேனல் டி.வி.ஆர். லைவில் பார்த்தால் படம் சுமாராகத் தெரியும். ஆனால் பதிவாவது சி.ஐ.எஃப். என்ற அளவில், 352-க்கு 288 புள்ளிகளாக. லைவில் தெரிவது ஒன்று, பிளேபேக்கில் கிடைப்பது இன்னொன்று என்பதை வாடிக்கையாளரிடம் சொல்ல வேண்டும் என்றுகூட அன்று எங்களுக்குத் தோன்றவில்லை.

கீழமாசி வீதியில் ஒரு நவதானிய மண்டி. 2009-ல் அங்கே நான்கு கேமரா போட்டேன். கூடம் முழுவதும் ஒரே படத்தில் தெரிய வேண்டும் என்று முதலாளி ஆசைப்பட்டார். மூலையில் பதினோரு அடி உயரத்தில் அகல லென்ஸ் கேமரா வைத்துக் கொடுத்தேன். கல்லா, மூட்டை அடுக்கு, தராசு, வாசல் எல்லாம் ஒரே படத்தில் விழுந்தன. அவருக்குப் பரம திருப்தி. எனக்கும்தான்.

சில மாதங்களில் கல்லாவிலிருந்து எண்பதாயிரம் ரூபாய்க் கட்டு ஒன்று காணாமல் போனது. பதிவை ஓட்டினோம். மதியம் சாப்பாட்டு நேரத்தில் ஓர் ஆள் வருகிறார், கல்லாவுக்குள் குனிகிறார், போகிறார். கட்டம் போட்ட சட்டை. அவ்வளவுதான். பன்னிரண்டு மீட்டர் அகலத்தை 352 புள்ளிகளில் அடைத்திருந்தேன். ஒரு மனித முகத்துக்கு அதில் கிடைத்தது ஐந்தாறு புள்ளிகள். பெரிதாக்கப் பெரிதாக்க முகம் கரைந்துகொண்டே போனது.

அதே மாதிரி சட்டை வைத்திருந்த ஒரு பையன் மண்டியில் வேலை பார்த்தான். சிவகங்கைப் பக்கத்துக்காரன், மூன்று வருடமாக அங்கே மூட்டை தூக்கியவன். யாரும் அவனைத் திருடன் என்று வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் அவன் கல்லா பக்கம் வந்தால் பேச்சு நின்றது. பத்தாவது நாள் அவன் வேலைக்கு வரவில்லை. நான்கு மாதம் கழித்து, அவன் இல்லாத மண்டியில் மறுபடியும் பணம் போனது. அப்போதுதான் எல்லோருக்கும் புரிந்தது. முதலாளி அவன் ஊருக்கே போய் அழைத்தார். அவன் வரவில்லை.

"தம்பி, உன் கேமரா அவனைத் திருடன்னும் சொல்லல, திருடன் இல்லன்னும் சொல்லல" என்றார் முதலாளி. திட்டவில்லை, சத்தம் போடவில்லை. என் தொழில் அந்த இடத்தில்தான் மாறியது. குற்றவாளியைக் காட்டுவதோடு கேமராவின் கடமை முடிவதில்லை. குற்றமற்றவனைக் காப்பாற்றவும் அதற்குத் தெரிய வேண்டும். இரண்டும் முடியாத கேமரா, இல்லாத கேமராவைவிடக் கெட்டது. அது சந்தேகத்தை மட்டும் பதிவு செய்கிறது.

அன்றிலிருந்து நான் கடைக்குள் நுழைந்ததும் கேமராவுக்கு இடம் தேடுவதில்லை. அங்கே எந்தெந்த நஷ்டம் நடக்கலாம் என்று முதலாளியோடு உட்கார்ந்து எழுதுகிறேன். கல்லாவில் சில்லறைத் தகராறா, குடோனிலிருந்து சரக்கு வெளியே போவதா, இரவில் பூட்டு உடைவதா? ஒவ்வொரு நஷ்டத்துக்கும் எதிரே, அது நடந்த மறுநாள் நமக்குத் தெரிய வேண்டிய பதில் என்ன என்று எழுதுவோம். ஆள் நடமாட்டம் தெரிந்தால் போதுமா, தெரிந்த ஆளா என்று சொல்ல வேண்டுமா, அறியாத ஆளின் முகத்தைப் போலீஸ் அடையாளம் காண வேண்டுமா? இந்தப் பதில்தான் கேமராவைத் தேர்ந்தெடுக்கும்.

இதற்கு ஒரு கணக்கு உண்டு. இ.என். 62676-4 என்ற ஐரோப்பியத் தரத்தை ஒட்டி எங்கள் தொழிலில் நெடுநாளாகப் பின்பற்றி வருவது. படத்தில் விழும் இடத்தின் ஒரு மீட்டர் அகலத்துக்கு 25 புள்ளி இருந்தால் ஆள் இருப்பது தெரியும். 125 இருந்தால் பழகிய ஆளை இன்னார் என்று சொல்லலாம். அறியாத முகத்தை அடையாளம் காட்ட 250 வேண்டும். இன்று சாதாரணமாக விற்கும் 2 மெகாபிக்சல் கேமராவில் குறுக்காக இருப்பது 1920 புள்ளி. அதை 250-ஆல் வகுத்தால் ஏறக்குறைய ஏழே முக்கால் மீட்டர். அதற்கு மேல் அகலமான காட்சியை அந்தக் கேமராவில் அடைத்தால் அந்நியர் முகம் கிடைக்காது.

லென்ஸை இதோடு சேர்த்துப் பாருங்கள். கடைகளில் அதிகம் மாட்டுவது 2.8 மில்லிமீட்டர் லென்ஸ். அது சுமார் நூறு டிகிரி விரிந்து பார்க்கும். அந்த விரிவில் முகம் உறுதியாகக் கிடைப்பது மூன்று மீட்டர் தூரம் வரைதான். அதே கேமராவில் 6 மில்லிமீட்டர் லென்ஸ் போட்டால் பார்வை பாதியாகக் குறுகும், முகம் எட்டு மீட்டர் வரை கிடைக்கும். ஆகவே வாசலுக்கு ஒரு குறுகிய பார்வை, கூடத்துக்கு ஓர் அகலப் பார்வை என்று இரண்டாகப் பிரித்துவிடுகிறேன். வாசல் கேமராவை ஏழு அடி உயரத்துக்கு மேல் ஏற்றுவதில்லை. பத்து அடி உயரத்திலிருந்து பார்த்தால் தலைமுடியும் தொப்பியும்தான் தெரியும்.

அப்படியானால் எல்லா இடத்திலும் 8 மெகாபிக்சல் போட்டுவிடலாமே என்று கேட்பார்கள். அதே அளவு சென்சாரில் நான்கு மடங்கு புள்ளிகளை அடைத்தால் ஒவ்வொரு புள்ளிக்கும் கிடைக்கும் வெளிச்சம் குறைகிறது. குடோன் போன்ற மங்கலான இடத்தில் நல்ல 2 மெகாபிக்சல் கேமரா தருகிற படத்தை மலிவான 8 மெகாபிக்சல் தராது. கேமராவின் உணவு வெளிச்சம். சில இடங்களில் நான் கேமராவைக் குறைத்துவிட்டு, இரவெல்லாம் எரியும் ஓர் எல்.இ.டி. விளக்கைக் கூட்டியிருக்கிறேன்.

வெளிச்சத்திலும் இரண்டு பொறிகள் இருக்கின்றன. கிழக்கு பார்த்த கடையில் காலை எட்டு மணி வெயில் ஷட்டர் வழியாக உள்ளே அடிக்கும். உள்ளிருந்து வாசலைப் பார்க்கும் கேமராவில் வருகிறவரெல்லாம் கறுப்பு நிழலாகத்தான் விழுவார். அந்த இடத்துக்கு, வெயிலையும் நிழலையும் ஒரே படத்தில் தெளிவாகக் காட்டும் 120 டெசிபல் உண்மையான டபிள்யூ.டி.ஆர். உள்ள கேமரா வேண்டும். இன்னொன்று, இரவில் கேமரா தானே வீசும் அகச்சிவப்பு ஒளி. அதில் படம் கறுப்பு வெள்ளையாகிவிடும். முன்னால் சிலந்தி ஒரு வலை கட்டினால் போதும், ஒளி அதில் பட்டுத் திரும்பிப் படம் முழுவதும் வெள்ளையாகப் பொங்கும். கல்லாவுக்கு மேலே நான் எப்போதும் நிறம் தெரிகிற வெளிச்சம் வைக்கச் சொல்வேன். 500 ரூபாய் கொடுத்தேன் என்று வாடிக்கையாளரும் 200 என்று கல்லாக்காரரும் வாதாடும்போது, சாம்பல் நிற நோட்டா மஞ்சள் நோட்டா என்பதுதான் தீர்ப்பு. கறுப்பு வெள்ளைப் படத்தில் அந்தத் தீர்ப்பு கிடைக்காது.

வேலை முடிந்ததும் என் உதவியாளரைக் கல்லா முன்னால் நிற்க வைத்து இரண்டு நோட்டையும் நீட்டச் சொல்வேன். வாசலில் நடக்கச் சொல்வேன். பிறகு லைவைப் பார்க்காமல், பதிவை ஓட்டி முதலாளிக்குக் காட்டுவேன். இரவு ஏழு மணிக்கு மேல் மறுபடியும் வந்து அதையே காட்டுவேன். அதன் பிறகுதான் மீதிப் பணம் வாங்குவேன்.

அடுத்தது எத்தனை நாள் பதிவு வேண்டும் என்பது. வெளித் திருட்டு மறுநாள் காலையிலேயே தெரிந்துவிடும். உள்ளே நடப்பது ஸ்டாக் எடுக்கும்போதுதான் தெரியும். மாதம் ஒருமுறை ஸ்டாக் எடுக்கும் கடையில் ஏழு நாள் பதிவு இருந்து என்ன பயன்? கணக்கு எளிது. ஒரு 2 மெகாபிக்சல் கேமராவை எச்.265 முறையில் நொடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் ஓட்டினால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 21.6 ஜி.பி. ஆகும். எட்டு கேமராவுக்கு முப்பது நாள் என்றால் 5.2 டி.பி. ஆகவே 6 டி.பி. டிஸ்க் வேண்டும். ஒரு டி.பி. போட்டுவிட்டு "ஒரு மாதம் நிற்கும்" என்று சொல்கிறவர் பதிவின் தரத்தைக் குறைத்திருப்பார், அல்லது அசைவு வந்தால் மட்டும் பதிவாகும்படி வைத்திருப்பார். எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். டிஸ்க்கும் கம்ப்யூட்டருக்கானதாக இருக்கக் கூடாது. இருபத்து நான்கு மணி நேரமும் எழுதுவதற்கென்றே செய்த கண்காணிப்பு டிஸ்க் தனியாக வருகிறது.

பணத்தை எங்கே மிச்சம் பிடிக்கக் கூடாது என்று கேட்டால் கேபிளைத்தான் முதலில் சொல்வேன். கேமரா பழுதானால் கழற்றி மாற்றலாம். சுவருக்குள் போன கேபிளை மாற்ற முடியாது. அலுமினியத்துக்கு மேல் செம்பு முலாம் பூசிய கேபிள் பாதி விலைக்குக் கிடைக்கும். கையில் எடுத்தாலே எடை குறைவாக இருக்கும், நுனியைச் சுரண்டினால் வெள்ளை தெரியும். தூரம் போகப் போக 12 வோல்ட் அதில் தேய்ந்து, இரவில் அகச்சிவப்பு விளக்கு எரியும் நேரத்தில் கேமரா அணைந்து அணைந்து எரியும். ஐ.பி. கேமரா என்றால் சுத்தச் செம்பு கேட்-6 கேபிள், அதுவும் ஒரே இழுப்பில் நூறு மீட்டருக்குள். அதே கேபிளில் பி.ஓ.இ. வழியாக மின்சாரமும் போய்விடும், தனி அடாப்டர் தொல்லை இல்லை.

இவ்வளவும் செய்தாலும் கேமரா சாட்சி மட்டும்தான். சாட்சி ஓடிவந்து கையைப் பிடிக்காது. 2019 அக்டோபரில் திருச்சி சத்திரம் பேருந்து நிலையம் அருகே ஒரு பெரிய நகைக்கடையின் பின்சுவரைத் துளைத்து, முகமூடி போட்ட இருவர் நுழைந்து அள்ளிச் சென்றதை ஊரே தொலைக்காட்சியில் பார்த்தது. சுமார் 13 கோடி ரூபாய் நகை என்றன செய்திகள். கேமரா எல்லாவற்றையும் பதிவு செய்திருந்தது. 2021 டிசம்பரில் வேலூரிலும் ஒரு நகைக்கடையில் அதே சுவர் துளை, அதே முகமூடி. அங்கே கேமராவின் மேல் ஸ்ப்ரேயும் அடிக்கப்பட்டது. அந்தப் படங்களைப் பார்த்த பிறகு, மதுரையில் நகைக்கடைகள் நிறைந்த தெற்காவணி மூல வீதியிலிருந்து எனக்கு வந்த அழைப்புகளில் யாரும் கேமரா கேட்கவில்லை. "சுவரைத் தொட்டாச் சத்தம் வரணும் தம்பி" என்றார்கள்.

அதுதான் சரியான கேள்வி. அலாரத்தைக் கதவிலும் ஷட்டரிலும் மட்டும் வைத்தால், திருடன் கதவைத் தொடாமல் வந்துவிடுவான். ஷட்டருக்குக் கனமான காந்த சென்சார், பொதுச்சுவருக்கும் லாக்கருக்கும் அதிர்வு சென்சார், உள்கூடத்துக்கு பி.ஐ.ஆர்., கல்லாவுக்கு அடியில் காலால் அழுத்தும் பேனிக் சுவிட்ச் என்று வளையம் வளையமாக இருக்க வேண்டும். ஒவ்வொரு சென்சார் ஒயரின் கடைசியிலும் ஒரு சின்ன மின்தடை வைக்கச் சொல்லுங்கள். ஒயரை வெட்டினாலும் ஒட்டிவிட்டாலும் பேனலுக்குத் தெரிந்துவிடும். அதைச் சோம்பேறித்தனத்தால் பேனலுக்குள்ளேயே போட்டுவிடுகிறவர்கள் உண்டு. அங்கே போட்டால் அதற்கு அர்த்தமே இல்லை.

பி.ஐ.ஆர். உடல் சூடு நகர்வதைத்தான் உணரும். எதிரே நேராக வருகிறவரைவிடக் குறுக்கே கடப்பவரைச் சீக்கிரம் பிடிக்கும். மே மாதத்தில் தகரக் கூரை குடோனின் சூடு உடல் சூட்டை நெருங்கும்போது அதற்கு ஆளும் சுவரும் ஒன்றாகத் தெரியத் தொடங்கும். கப்பலூர் தொழிற்பேட்டையில் ஒரு குடோனில் இதற்கு நேர்மாறான தொல்லை. தினமும் நள்ளிரவில் ஹூட்டர் அலறியது. போய்ப் பார்த்தால் பெருச்சாளி. மூன்றாவது வாரம் வாட்ச்மேன் அலாரத்தை ஆஃப் செய்துவைத்திருந்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. பொய்யாக அலறும் அலாரத்தை மனிதர்கள் நிறுத்தத்தான் செய்வார்கள். அகச்சிவப்பும் மைக்ரோவேவும் இரண்டும் உணர்ந்தால் மட்டும் அலறும் சென்சாராக மாற்றி, தரையைப் பார்க்காதபடி உயரத்தையும் சாய்வையும் திருத்திய பிறகு அந்த அலாரம் மறுபடியும் உயிர் பெற்றது.

அலாரம் வாங்கும்போது நான் எழுதச் சொல்லும் காகிதம் இன்னொன்று இருக்கிறது. இரவு இரண்டு மணிக்கு அது அலறினால் முதலில் யாருக்கு போன் போக வேண்டும்? முதலாளி எண் முதலில் வேண்டாம். பத்து நிமிடத்தில் கடைக்கு வந்து சேரக்கூடியவர் எண் முதலில் இருக்கட்டும். உள்ளே தனியாகப் போகாமல் தள்ளி நின்று போலீசை அழைக்க வேண்டும் என்று அவரிடம் முன்கூட்டியே சொல்லியும் வையுங்கள். அந்த போனைப் போடும் டயலரில் உள்ள சிம்முக்கு யார் ரீசார்ஜ் செய்கிறார்? 2ஜி-யில் மட்டும் இயங்கும் டயலரில் ஜியோ சிம் வேலை செய்யாது என்று தெரியுமா? பேனலுக்குள் இருக்கும் 12 வோல்ட் பேட்டரியை எப்போது மாற்றினீர்கள்? மூன்று வருடத்துக்கு மேல் அதை நம்பக் கூடாது. இந்தக் கேள்விகளுக்குப் பதில் இல்லாத அலாரம் சுவரில் மாட்டிய பெட்டி மட்டும்தான்.

போனில் கடையைப் பார்க்கும் வசதி வந்த பிறகு பூட்ட வேண்டிய கதவு ஒன்று கூடியிருக்கிறது. 2016-ல் மிராய் என்ற தீய மென்பொருள், உலகெங்கும் கம்பெனி பாஸ்வேர்டை மாற்றாமல் விட்ட கேமராக்களையும் டி.வி.ஆர்.களையும் பிடித்து, பெரிய இணையதளங்களையே முடக்கியது. பாஸ்வேர்டை முதலாளிதான் போட வேண்டும், எழுதி லாக்கரில் வைக்க வேண்டும். எனக்குக்கூடத் தெரியக் கூடாது என்று நானே சொல்வேன். 2025 ஏப்ரல் முதல் இந்தியாவில் விற்கும் சி.சி.டி.வி. கேமராக்கள் மத்திய அரசு வகுத்த பாதுகாப்புச் சோதனைகளில் தேற வேண்டும் என்ற விதி அமலில் இருக்கிறது. பில்லோடு அந்தச் சான்றையும் கேட்டு வாங்குங்கள்.

கேமரா வைக்கக் கூடாத இடங்களும் உண்டு. துணிக்கடையில் உடை மாற்றும் அறைப் பக்கம் "சும்மா ஒன்று" வைக்கச் சொன்னவர்களிடம் நான் வேலையே செய்யவில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-இ பிரிவின்படி அது மூன்று வருடம் வரை சிறைக்குரிய குற்றம். வேலையாட்களிடம் எங்கெங்கே கேமரா இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள். சொல்லி வைத்த கேமரா அவர்களுக்கும் பாதுகாப்பு.

திருட்டு நடந்துவிட்டால், திரையை செல்போனில் படம் எடுத்து அனுப்புவதோடு நிறுத்தாதீர்கள். டி.வி.ஆரின் கடிகாரம் சரியான நேரம் காட்டுகிறதா என்று முதலில் குறித்துக்கொண்டு, மூலப் பதிவைப் பென் டிரைவில் எடுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதிநியம் 63-ஆம் பிரிவு, மின்னணுப் பதிவோடு, பதிவு மாற்றப்படவில்லை என்று சரிபார்க்க உதவும் ஹேஷ் மதிப்புடன் கூடிய சான்றிதழ் கேட்கிறது. டி.வி.ஆரை யாரும் தொடாமல் வைத்துப் போலீசிடம் கேட்டு நடந்துகொண்டால் பின்னால் வழக்கு நிற்கும்.

நான் சேவைக்குப் போகும் இடங்களில் அதிகம் காணும் பழுது, டிஸ்க் எப்போதோ செத்துப் போயிருப்பது. லைவ் ஓடிக்கொண்டே இருக்கும், திரையில் கடை பளிச்சென்று தெரியும், அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. பதிவு மட்டும் நின்று மாதக்கணக்காகியிருக்கும். திருட்டு நடந்த காலையில்தான் அது தெரியவரும். அன்று மறுபடியும் ஒரு கட்டம் போட்ட சட்டைக்காரன் மேல் எல்லோர் கண்ணும் திரும்பும்.

ஏற்கெனவே கேமரா வைத்திருப்பவர்கள் புதிதாக எதையும் வாங்கும் முன் ஒன்று செய்யுங்கள். இன்று கடையைப் பூட்டுவதற்கு முன் டி.வி.ஆர். முன்னால் உட்கார்ந்து, நேற்று இரவு இரண்டு மணிப் பதிவை ஓட்டிப் பாருங்கள். படம் வந்தால், கல்லாவுக்கும் வாசலுக்கும் என்ன வேண்டும் என்று பிறகு யோசிப்போம். வரவில்லையென்றால், நாளை காலைவரை காத்திருக்காதீர்கள்.